அத்தியாயம் 6: தாகத்தோடு வெளியேறும் காற்று

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை பக்கம் ஏதாவது ஒரு ரப்பர் புகைக்கூடத்துக்குப் போங்கள். சூளை வாயில் விறகு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே மூங்கில் கழிகளில் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கும். ஏணி வைத்து ஏறி, கூரையில் உள்ள காற்றுப்போக்கியின் மேல் கையை நீட்டுங்கள். வெளியே வரும் காற்று சுடும், ஆனால் கை ஈரமாகாது. விறகு கொடுத்துச் சூடாக்கிய காற்று, ஈரத்தை எடுக்கும் வேலையை முடிக்காமலே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் காற்றைப் பற்றியது.

நாஞ்சில் நாட்டு வயல்களைத் தாண்டி மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ரப்பர்தான் பிழைப்பு. 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் முதல், வீட்டுக்குப் பின்னால் ஐம்பது மரம் வைத்திருப்பவர் வரை எல்லோரும் செய்வது அடிப்படையில் ஒரே ரசாயன வேலை. பாலில் தண்ணீர் சேர்த்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்து, மிச்ச ஈரத்தை வெப்பத்தால் ஓட்டுகிறோம். ஆசிட்டுக்கு ஆகும் செலவை எல்லோரும் பைசா வரை சொல்வார்கள். கடைசிப் படியின் செலவை மட்டும் கேட்டால், "விறகு நம்ம தோட்டத்துலதானே கெடக்கு அண்ணாச்சி, அதுக்கு என்ன கணக்கு?" என்பார்கள். அதே ரப்பர் மரத்தைக் கேரளத்துப் பிளைவுட் ஆலைகளுக்கு ஏற்றிவிட்டால் எடைக்குக் காசு வருகிறது. ஆகவே தோட்டத்தில் கிடக்கும் விறகும் காசுதான்.

முதலில் தராசு

எந்தக் கருவியையும் வாங்கும் முன் ஒரு வாரம் எடை போடுங்கள். சூளைக்குள் போகும் விறகு, உள்ளே ஏறும் ஈர ஷீட், வெளியே வரும் காய்ந்த ஷீட் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு கிலோ ரப்பருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு என்பது பழைய புகைக்கூடங்களில் வழக்கமாக வரும் கணக்கு. உங்களுடையது கூடவோ குறையவோ இருக்கலாம்.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். 600 கிலோ ரப்பர் பிடிக்கும் ஒரு அறை. ரோலரிலிருந்து வந்து ஒரு இரவு நீர் வடிந்த ஷீட்டுகளில் 200 கிலோ தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஆக 480 மெகாஜூல். ஷீட்டையும் அதிலுள்ள நீரையும் சூடாக்க இன்னும் 50 சேர்த்துக்கொண்டால் 530. எரித்த விறகு 600 கிலோ, ஓரளவு காய்ந்த விறகு கிலோவுக்கு 13 மெகாஜூல் தரும், மொத்தம் 7,800. அதாவது பதினான்கு கட்டை எரித்தால் ஒரு கட்டையின் வெப்பம்தான் ரப்பரின் ஈரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

புகைக்காகவும் நாம் விறகு எரிக்கிறோம் என்பது உண்மை. புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள்தான் ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காக்கின்றன. அதனால் பதினான்கும் வேலைக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு கட்டை வேலை செய்தாலே உங்கள் விறகுச் செலவு நான்கில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு தூரம் போகாமல் பாதியாகக் குறைத்தாலே பெரிய காரியம்.

இரண்டு வெப்பமானி, ஒரு துணித் திரி

காற்றின் தாகத்தை அளக்க எளிய வழி உண்டு. சாதாரண வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்றின் குமிழைப் பருத்தித் துணியால் சுற்றி, துணியின் மறுமுனை ஒரு சின்ன நீர்க்குப்பிக்குள் கிடக்கட்டும். இரண்டையும் காற்றுப்போக்கியின் வாயில் தொங்க விடுங்கள். துணி சுற்றியது எப்போதும் குறைவாகக் காட்டும். எவ்வளவு குறைவு என்பதே காற்றின் தாகம்.

உதாரணமாக உலர்ந்தது 45 டிகிரியும் ஈரமானது 33 டிகிரியும் காட்டினால், அந்தக் காற்றில் ஈரப்பதம் 45 சதவீதம்தான். பாதிக்கு மேல் இடம் காலியாகவே வெளியே போகிறது. வித்தியாசம் எட்டு டிகிரிக்கு மேல் இருந்தால் காற்றுப்போக்கியைக் கொஞ்சம் மூடுங்கள். மூன்று நான்கு டிகிரிக்குள் வந்துவிட்டால் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் ஷீட் காயாது. புகையில் துணி சீக்கிரம் தார் பிடித்துக் கறுத்துவிடும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாத திரி பொய் சொல்லும்.

நம் ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரமானது, இரண்டு பருவ மழையும் பெய்யும் மாவட்டம் இது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 17 சதவீதமாக இறங்கிவிடும். நீர் எங்கும் போகவில்லை, காற்றின் கொள்ளளவுதான் கூடியது. விறகு கொடுத்து நாம் வாங்குவது இந்தக் கொள்ளளவைத்தான். அதை நிரப்பாமல் வெளியே அனுப்புவது, பாதி லாரி ஏற்றிவிட்டு முழு வாடகை கொடுப்பது போன்றது.

ஓட்டையை அடைத்த பிறகே மற்றதெல்லாம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கதவு இடுக்கு, சுவர் விரிசல், சூளைக்கும் அறைக்கும் நடுவே உள்ள குழாயின் வெடிப்பு எல்லாவற்றையும் மண்ணோ சிமெண்டோ வைத்து அடையுங்கள். கூரைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். தகரம் அல்லது மெல்லிய ஷீட் போட்ட கூரையின் உள்பக்கத்தில் ஆவி குளிர்ந்து, தாரோடு சேர்ந்து கறுப்புச் சொட்டாக ரப்பர் மேல் விழும். கறை பட்ட ஷீட் தரம் இறங்கும். உட்கூரை ஒன்று கட்டி, நடுவில் வெப்பம் கடத்தாத பொருளை நிரப்பினால் விறகும் மிச்சம், தரமும் நிற்கும். நெருப்புப் பிடிக்கும் பொருளை மட்டும் அங்கே வைக்கவே கூடாது.

விறகுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வாரத்து விறகைச் சூளையின் வெளிச் சுவர் ஓரமாக, வாயிலிருந்து தள்ளி, அடுக்கி வையுங்கள். சுவர் வழியாக எப்படியும் கசியும் வெப்பம் அதைக் காய வைக்கும். ஒரு காசு செலவில்லாத வெப்ப மீட்பு இது. பச்சை விறகில் எடையில் பாதிக்கு அருகில் நீர் இருக்கும், அந்த நீரை ஆவியாக்கவும் நெருப்பு உழைக்கிறது. புகை வேண்டிய முதல் நாளில் மட்டும் ஒன்றிரண்டு ஈரக் கட்டை போடுங்கள். வெப்பத்துக்குக் காய்ந்தது, புகைக்கு ஈரமானது என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே கைக்குள் வரும்.

இரண்டு அறை, ஒரே காற்று

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

ஷீட் காய நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் 40 முதல் 45 டிகிரி போதும். பிறகு படிப்படியாக ஏற்றி நான்காம் நாள் 60 டிகிரிக்குக் கொண்டுபோகிறோம். முதல் நாளே 60-ல் வைத்தால் மேல்பகுதி மூடிக்கொண்டு உள்ளே மாட்டிய ஈரம் குமிழியாகக் கிளம்பும், ஷீட் கெட்டுவிடும். இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். அதிகச் சூடு வேண்டிய நான்காம் நாள் ஷீட்டில் எடுக்க ஈரம் அதிகம் இல்லை. நிறைய ஈரம் உள்ள முதல் நாள் ஷீட்டுக்குக் குறைந்த சூடே போதும்.

அப்படியானால் நான்காம் நாள் அறையிலிருந்து வெளியேறும் காற்று எப்படி இருக்கும்? 60 டிகிரியில் உள்ளே போன காற்று 57 டிகிரியில் வெளியே வரும். அந்த மூன்று டிகிரி இறக்கத்தில், ஒரு கிலோ காற்று எடுத்துக்கொண்ட நீர் ஒரு கிராமுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். ஆசையெல்லாம் அப்படியே இருக்க வெளியேறும் காற்று அது. அதை ஒரு குழாய் வழியாகப் பக்கத்து அறையின் அடியில் கொண்டுவந்து, புது ஷீட்டுகளுக்கு இடையே விடுங்கள். அங்கே அது 57-லிருந்து 42-க்கு இறங்குவதற்குள் இன்னும் ஆறு கிராம் நீரை எடுக்கும். அதே கிலோ காற்று, அதே விறகு. வேலை ஆறு மடங்கு.

57 டிகிரி புது ஷீட்டுக்கு அதிகம் என்று பயம் வரும், நியாயமான பயம். குழாயில் ஒரு பலகைக் கதவு வைத்து, வெளிக்காற்றைக் கலந்து 45-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது அறைக்கு உயரமான புகைபோக்கி வேண்டும், இல்லாவிட்டால் காற்று இழுபடாது. இழுவை போதாத இடத்தில் சின்ன விசிறி வைக்கலாம், ஆனால் அதன் மோட்டார் புகைப் பாதைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்த மோட்டாரைத் தார் சில மாதத்தில் முடித்துவிடும்.

நாள்தோறும் அறையை மாற்றுவது தொல்லை என்றால் சுரங்கப் பாதை போன்ற புகைக்கூடம் கட்டலாம். தண்டவாளத்தில் டிராலிகள் ஒரு பக்கத்திலிருந்து நுழைந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான முனையை நோக்கி நகரும். காற்று எதிர்ப்பக்கமாக வரும். எதிரெதிர் ஓட்டம் என்று ரசாயனப் பொறியியலில் சொல்லும் தத்துவம் இதுதான். பெரிய உர ஆலையின் வெப்ப மாற்றியிலும் உள்ளே நடப்பது இதே: சூடானது கிழக்கே போனால் குளிர்ந்தது மேற்கே வரும், கடைசிச் சூட்டைச் சந்திப்பது முதல் குளிர். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் சேர்ந்து பொதுப் புகைக்கூடம் கட்டும்போது இந்த வகையையே கேட்டு வாங்குங்கள். பத்து வீட்டில் பத்து சின்னச் சூளை எரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் நெருப்பு. காய்ந்த ரப்பர் ஷீட் ஒன்று கழியிலிருந்து நழுவிச் சூடான குழாய் மேல் விழுந்தால் போதும், அறை முழுக்கப் போய்விடும். குழாய்க்கு மேல் கம்பி வலை கட்டாயம். இரண்டு அறையை இணைக்கும் குழாயில், வெளியிலிருந்து இழுத்து மூடக்கூடிய இரும்புத் தகடு ஒன்று இருக்க வேண்டும், ஒன்று பற்றினால் மற்றதாவது தப்பும். குழாயின் உள்ளே படியும் தாரை மாதம் ஒருமுறை சுரண்டுங்கள், அதுவே எரிபொருள்.

சிலர் காற்றுப்போக்கியின் மேல் உலோக வெப்ப மாற்றி மாட்டி விற்கிறார்கள். புகைக்கூடத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தார் படிந்து, சில வாரத்தில் அது வெறும் அடைப்பாகிவிடும். செம்புக் குழாயோ செம்புத் தகடோ உள்ள கருவி என்றால் இன்னும் மோசம். செம்பு ரப்பருக்கு விஷம். மிகச் சிறிதளவு சேர்ந்தாலும் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடும். அம்மோனியா ஊற்றிய பால் கையாளும் ஆலையில் அம்மோனியா செம்பையே அரித்துவிடும். ரப்பர் ஆலையின் காற்றுப் பாதையில் செம்புக்கும் பித்தளைக்கும் இடமில்லை. கடற்காற்று அடிக்கும் குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கமானால் சாதாரண இரும்பும் நிற்காது.

கிரம்ப் ரப்பர் உலர்த்தி

ஒட்டுப்பாலை அரைத்துப் பெட்டிகளில் நிரப்பி 100 முதல் 120 டிகிரிக் காற்றில் உலர்த்தும் ஆலைகளில் புகை கிடையாது, அதனால் வேலை சுலபம். இரண்டு இடத்தைப் பாருங்கள். உலர்த்தியின் பின்பாதியிலிருந்து வரும் காற்று ஈரம் குறைந்தது, அதை முன்பாதிக்குத் திருப்புங்கள். இன்னொன்று குளிர்விக்கும் பகுதி. பேலாக அழுத்தும் முன் ரப்பரை 60 டிகிரிக்குக் கீழே இறக்க வெளிக்காற்றை ஊதுகிறோம். ஒரு டன் ரப்பர் 115-லிருந்து 55-க்கு இறங்கும்போது விடும் வெப்பம் சுமார் 114 மெகாஜூல், அதாவது மூன்று லிட்டர் டீசலுக்குச் சற்று மேல். அந்தச் சூடான காற்றைப் பர்னருக்கு உள்ளிழுக்கும் காற்றாகக் கொடுத்தால் போதும். ஒரு தகரக் குழாய்ச் செலவில், டன்னுக்கு ஆகும் டீசலில் பத்தில் ஒரு பங்கு வரை மிச்சமாகலாம்.

பாய்லர் உள்ளவர்களுக்கு

கையுறை போன்ற லேட்டக்ஸ் பொருட்கள் செய்யும் ஆலைகளில் விறகோ முந்திரித் தோடோ எரிக்கும் பாய்லர் இருக்கும். இங்கே முதல் கேள்வி: நீராவி வேலை முடித்துத் தண்ணீரானதும் எங்கே போகிறது? ஓடைக்குப் போனால் உடனே நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் சுத்தமானது, சூடானது, ஏற்கெனவே காசு கொடுத்து மென்மையாக்கப்பட்டது. பாய்லருக்குப் போகும் தண்ணீர் ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம். 30 டிகிரிக் கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் 90 டிகிரித் தண்ணீர் திரும்பி வந்தால் பத்து சதவீதம். ஒரு தொட்டி, ஒரு பம்பு, சாக்குக்குப் பதில் நல்ல வெப்பக்காப்பு சுற்றிய குழாய், இவ்வளவுதான் வேண்டும். நீராவியை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப் ஒழுகுகிறதா என்பதை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒழுகும் டிராப் இரவும் பகலும் பணத்தை ஊதுகிறது.

புகைபோக்கிக்குப் போகும் வாயு 22 டிகிரி இறங்கினால் இன்னொரு சதவீதம். அந்தச் சூட்டை எடுத்துப் பாய்லர்த் தண்ணீருக்குக் கொடுக்கும் எகனாமைசர் அதற்குத்தான். ஆனால் எல்லை உண்டு. கந்தகம் உள்ள உலை எண்ணெய் எரிப்பவர்கள் வாயுவை மிகவும் குளிர்வித்தால் கந்தக அமிலம் துளிர்த்துக் குழாயைத் தின்றுவிடும். விறகும் முந்திரித் தோடும் எரிப்பவர்களுக்குத் தாரும் சாம்பலும் பகை. துலக்க வழியில்லாத எகனாமைசரை வாங்காதீர்கள்.

கையுறையைக் கழுவும் வெந்நீர்த் தொட்டிதான் பலர் கண்ணில் படாதது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் 65 டிகிரித் தண்ணீர் வழிந்து ஓடுகிறது, அதே அளவு 28 டிகிரித் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஏறத்தாழ 93 மெகாஜூல் சாக்கடையில் போகிறது. எழுபது சதவீதத்தை மீட்டாலும், 20 மணி நேரம் ஓடும் ஆலைக்கு நாளொன்றுக்கு 1,300 மெகாஜூல். 65 சதவீதத் திறனுள்ள விறகுப் பாய்லரில் அது சுமார் 154 கிலோ விறகு. தட்டு வெப்ப மாற்றி நல்ல கருவிதான், ஆனால் கழுவிய நீரில் புரதமும் ரப்பர்த் துணுக்கும் இருக்கும், இடுக்கில் அடைத்துக்கொள்ளும். தடுப்புகள் வைத்த நீளமான சிமெண்டுத் தொட்டியில் கழிவு வெந்நீரை ஓடவிட்டு, உள்ளே எஃகுக் குழாயை வளைத்து வளைத்துப் போட்டு, அதன் வழியாகப் புதுத் தண்ணீரை எதிர்த்திசையில் அனுப்புவது இங்கே சரிப்பட்டு வரும். மூடியைத் திறந்து துடைப்பத்தால் கழுவலாம்.

ஒரு தாளில் வரைபடம்

சூடாக வேண்டியவை எவை, குளிர வேண்டியவை எவை என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி, மணிக்கு எவ்வளவு என்று குறியுங்கள். 1970களின் இறுதியில் போடோ லின்ஹாஃப் என்ற ஆய்வாளர் வளர்த்தெடுத்த பிஞ்ச் பகுப்பாய்வின் தொடக்கம் இந்தப் பட்டியல்தான். பெரிய ரசாயன ஆலைகளுக்குக் கணினி வேண்டும். நம் ஆலைக்குப் பென்சில் போதும். வெப்பத்துக்கு அளவைப் போலவே தரமும் உண்டு என்பதைப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்: 45 டிகிரிக் காற்று எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து நீராவி வராது, ஆனால் நாளைய ஷீட்டை வாட்டும். 200 டிகிரிப் புகைபோக்கி வாயுவை ஷீட் உலர்த்தவே செலவழிப்பது, நல்ல தேக்கை அடுப்பில் வைப்பது. சூடு கொடுப்பதும் வாங்குவதும் பத்து டிகிரி வித்தியாசத்துக்குள் வந்துவிட்டால் வெப்ப மாற்றியின் பரப்பும் விலையும் ஏறிவிடும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டியலில் வீண் போலத் தெரிவதெல்லாம் வீணும் அல்ல. கடற்கரைக் கனிம மணலை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னிலை முறையில் இல்மனைட், சிர்கான் போன்றவற்றைப் பிரிக்கும் முன் மணலை உலர்த்திச் சூடாக்குகிறார்கள். ஐந்து சதவீத ஈரமுள்ள ஒரு டன் மணலை 120 டிகிரிக்கு உலர்த்தினால், கொடுத்த பயன்வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணலிலேயே தங்கி வெளியே வரும். அதைப் பிடுங்கக் கூடாது. மணல் சூடாகவும் முற்றிலும் உலர்ந்தும் இருந்தால்தான் பிரிப்பு ஒழுங்காக நடக்கும். பிரித்து முடித்த பிறகு மிஞ்சும் வெப்பமே மீட்புக்கு உரியது.

இதற்கு நேர்மாறு விடிலி, அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசை. எட்டு லிட்டர் அக்கானி (பதநீர்) ஒரு கிலோ கருப்பட்டியாகும்போது ஏறத்தாழ ஏழு கிலோ நீர் ஆவியாகப் போகிறது. சூடாக்கவும் ஆவியாக்கவும் சேர்த்து 18 மெகாஜூல், காய்ந்த விறகில் கிலோவுக்குச் சற்று மேல். திறந்த அடுப்பில் அதைப்போல் பல மடங்கு எரிகிறது. கரும்பு ஆலைகளுக்கு நோர்பெர்ட் ரிலியூ 1840களில் காப்புரிமை பெற்ற முறையில், ஒரு கலத்தின் ஆவியே காற்றழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்க வைத்தது. விடிலிக்கு அவ்வளவு வேண்டாம். அடுப்பின் புகை வெளியேறும் வழியில் இரண்டாவது பாத்திரத்தை ஏற்றி அடுத்த ஈட்டு அக்கானியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், அடுப்பைச் சுற்றி மண் சுவர் எழுப்புங்கள்.

வேலை தொடங்கும் வரிசை இது. இந்த வாரம் தராசும் நோட்டும். அடுத்த வாரம் ஓட்டை அடைப்பு, திரி வெப்பமானி, காற்றுப்போக்கியைத் திறந்து மூடும் பழக்கம். இவற்றுக்குப் பிறகும் ஒரு மாதம் எடை எழுதுங்கள். அந்தப் புதிய எண்ணை வைத்தே இரண்டாவது அறைக்கோ எகனாமைசருக்கோ கணக்குப் போட வேண்டும், பழைய எண்ணை வைத்துப் போட்டால் கருவி தராத மிச்சத்தைக் கருவி தரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடுவீர்கள். ஆண்டுக்கு மிச்சமாகும் விறகின் விலையால் கருவியின் விலையை வகுங்கள். விடை இரண்டுக்குள் இருந்தால் தயங்க வேண்டாம். ஐந்தைத் தாண்டினால், அதே பணத்தில் கூரையைச் சரிசெய்யலாம்.